மனைவி ஒன்று, பிள்ளைகள் இரண்டு

திருமயம் தாலுகா ஆபீஸில் என் டைப்ரைட்டர் மேஜைக்கு எதிரே நாற்காலி கிடையாது. மனு கொண்டுவருகிறவர்கள் நின்றபடிதான் பேச வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம்.

அந்த அம்மாள் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். நேரே தாசில்தார் அறைக்குள் போனார். அவருக்கு எதிரே காலியாகக் கிடந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, என் முன்னால் 'டொக்'கென்று போட்டு உட்கார்ந்தார்.

"டைப்பிஸ்ட், இந்தக் காகிதம் பொய் சொல்லுது. வேற அடி."

அது முந்தின நாள் நான் மதியம் சாப்பிடாமல் அடித்து முடித்த பட்டியல். மூன்று கார்பன் வைத்து அடித்தது. என் நெற்றி விபூதி வியர்வையில் கரைய, பக்கத்து மேஜைக்காரர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தாசில்தார் கையெழுத்துப் போட்டுட்டாரும்மா" என்றேன்.

"அப்ப அவனும் சேந்து பொய் சொல்லுறான்."

சுவருக்கு அந்தப் பக்கம் தாசில்தாரின் இருமல் கேட்டது. நான் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. தற்காலிகப் பணி. நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை அந்த அம்மாள் கவனித்ததாகத் தெரியவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துக் கடித்தார்.

சிஸ்டர் அனுன்சியாவை நான் முதன்முதலில் பார்த்தது இப்படித்தான். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அவரால் எனக்குத் தலைவலி வராத வாரம் இல்லை.

துறைமுகத் தமிழ்

அவர் இத்தாலி தேசத்துக்காரர். நமக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம், இருபத்தெட்டு வயதில், மிஷனரியாக ரங்கூனில் வந்து இறங்கியவர். துறைமுகத்தை ஒட்டிய ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே வருகிற நோயாளிகளில் பாதிப்பேர் மூட்டை தூக்குகிற தமிழர்கள். அவர்களிடம்தான் இவர் தமிழ் படித்தார்.

அதுதான் எல்லா வினைக்கும் காரணம். மூட்டை தூக்குகிறவர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுவார்களோ, இவரும் அப்படியே உலகத்தைக் கூப்பிடுவார். தாசில்தாரை "யோவ்" என்பார். ரெவின்யூ இன்ஸ்பெக்டரை "ஏம்ப்பா டேய்" என்பார். அதில் கொஞ்சமும் கோபம் இருக்காது. அதுதான் மரியாதையான தமிழ் என்று பதினெட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்.

நான் ஒருநாள் பொறுக்கமுடியாமல் சொன்னேன். "சிஸ்டர், 'வாங்க, போங்க'ன்னு சொல்லணும். இது ஆபீஸ்."

"கப்பல்ல எல்லாரும் 'யோவ்'னுதான் கூப்பிடுவாங்க. ஒருத்தனும் கோவிச்சுக்கல."

"இது கப்பல் இல்ல, சிஸ்டர்."

"தெரியும். கப்பல்ல வேலை சீக்கிரம் நடக்கும்."

பர்மாவில் ஆட்சி மாறி, கடைகண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். பிறகு, சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த வெளிநாட்டு மிஷனரிகளும் கிளம்ப வேண்டும் என்று அங்கே உத்தரவானது. சிஸ்டருடைய சபையார் அவரை இத்தாலிக்கு வரச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். இவர் என்ன செய்தார்? நோயாளிகளெல்லாம் எந்தக் கப்பலில் ஏறினார்களோ அதே கப்பலில் ஏறிச் சென்னையில் இறங்கிவிட்டு, அங்கிருந்து பதில் எழுதினார். சபையாரின் தலைவலியை நினைத்தால் என்னுடையது பரவாயில்லை என்று தோன்றும்.

அரிமளம் சாலையில் ஒரு பழைய நெல் குடோனைத்தான் தற்காலிக முகாமாக ஆக்கியிருந்தார்கள். தகரக் கூரை. நாற்பது குடும்பங்கள் இருக்கும். சாக்குப் படுதாதான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சுவர். உள்ளே போனால் 'நாப்பி' வாசம் ஆளைத் தள்ளும். மீனைப் புளிக்கவைத்து அரைக்கிற பர்மாக்காரர்களின் விழுது அது. ரோட்டில் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "முகாம்ல என்னமோ செத்துக் கெடக்கு" என்று எங்கள் ஆபீஸில் மனு கொடுத்தார்கள். அந்த மனுவுக்குப் பதில் டைப் அடித்ததும் நான்தான்.

கப்பல் காகிதம்

இனி அந்தப் பொய்க்கு வருகிறேன்.

முகாமில் கருப்பையா என்று ஒருவர். அரிமளத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். சிறுவயதில் பர்மா போனவர். யுத்தம் முடிந்து ஒருமுறை ஊருக்கு வந்தபோது, வீட்டார் வள்ளியம்மை என்ற பெண்ணைக் கட்டிவைத்தார்கள். நாற்பது நாள் இருந்துவிட்டு மறுபடி கப்பலேறிவிட்டார். அப்புறம் வரவேயில்லை. அங்கே மா சான் என்ற பர்மியப் பெண்ணோடு குடும்பம் நடத்தி, பையன் ஒன்று, பெண் ஒன்று. இப்போது நால்வருமாக வந்து சேர்ந்திருந்தார்கள்.

அவர்கள் கொண்டுவந்த கப்பல் காகிதத்தில், "கருப்பையா. மனைவி ஒன்று, பிள்ளைகள் இரண்டு" என்று இருந்தது. மனைவிக்குப் பெயர் போடவில்லை. மூட்டைக்குக் கணக்குச் சொல்வதைப்போல 'ஒன்று' என்று எழுதி முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள்.

குடும்ப அட்டைக்குப் பெயர் கேட்டபோது, கருப்பையா தலையைக் குனிந்துகொண்டு, "வள்ளியம்மை" என்று சொல்லியிருக்கிறார். பக்கத்தில் அவருடைய அண்ணன் நின்றிருக்கிறார். பர்மாக்காரியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தால் பங்காளிகள் கோயில் வாசலில் சேர்க்கமாட்டார்கள், பிள்ளைகள் மட்டும் நம் ரத்தம், அவர்களைக் கூட்டிக்கொள்வோம் என்பது அண்ணனின் யோசனை.

சர்க்கார் கணக்கில் இப்போது வள்ளியம்மைதான் மனைவி. அப்படியானால் முகாமில் இருக்கும் மா சான் யார்? பட்டியலில் ஒரு பெயர் வேண்டுமே. "உடன் வந்த அந்நிய நாட்டுப் பெண்" என்று நான்தான் டைப் அடித்தேன்.

அடிக்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்நிய நாட்டுப் பெண் என்றால் ரேஷன் இல்லை. வீட்டுமனை இல்லை. போலீஸுக்கு எழுத வேண்டும். அவர்கள் வந்து சென்னைக்குக் கூட்டிப்போய், திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்வார்கள். பிள்ளைகள் இங்கேயே இருக்கும். சிஸ்டர் கொய்யாப்பழத்தோடு வந்து உட்கார்ந்தது இதற்காகத்தான்.

ரிப்பன்

தாசில்தார் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு காகிதத்துக்கு எதிராக இன்னொரு காகிதம் இல்லாமல் அவரால் மூச்சுகூட விட முடியாது.

"புருஷனே வந்து வள்ளியம்மைன்னு சொல்றான். நான் என்ன பண்றது சிஸ்டர்?"

"யோவ், அவன் பயந்தாங்கொள்ளி. பிள்ளை யாரு பெத்தது? அவளைக் கேளு."

"அவளுக்குத் தமிழ் தெரியாதே."

"எனக்குத் தெரியும்."

அதைக் கேட்டுத் தாசில்தார் கண்ணை மூடிக்கொண்டார். வியாழக்கிழமை, போலீஸுக்குக் கடிதம் அடிக்கும்படி என்னிடம் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் வாசலில் மா சானைப் பார்த்தேன். முப்பது வயது இருக்கும். கன்னத்தில் வெளிர்மஞ்சளாகத் தனகாக் குழம்பு பூசியிருந்தாள். அவர்கள் ஊரில் மரப்பட்டையை அரைத்துப் பூசிக்கொள்கிற வழக்கம். பையனின் சட்டைப் பொத்தான் அறுந்திருந்தது. அவள் தன் தலைமுடியிலிருந்து ஒரு ஊசியை எடுத்து, படிக்கட்டில் உட்கார்ந்தபடியே அதைத் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அடிக்கப்போகும் கடிதம் அவளைப் பற்றியது என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் கடிதம் எங்கே என்று தாசில்தார் கேட்டார். "ரிப்பன் அறுந்துபோச்சு சார். புதுக்கோட்டையிலேருந்து வரணும்" என்றேன். வேலைக்குச் சேர்ந்தபின் நான் சொன்ன முதல் பொய். சனிக்கிழமையும் அதையே சொன்னேன்.

திங்கட்கிழமை தாசில்தார் மூன்றாம் முறை கேட்டபோது, சிஸ்டர் என் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"ரிப்பன் இன்னும் வரல சார்."

"ரிப்பன் நல்லா இருக்கே" என்றார் சிஸ்டர். "இப்பதான் பாத்தேன். கறுப்பா, புதுசா இருக்கு."

அந்த நிமிஷம் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாருக்காக நான் பொய் சொன்னேன்? தாசில்தார் என்னை ஒரு பார்வை பார்த்தார். மத்தியானமே எனக்கு மெமோ வந்தது. மேலதிகாரியிடம் பொய் சொன்னதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். அந்த மெமோவை என்னையே டைப் அடிக்கச் சொன்னார்கள். போலீஸுக்கான கடிதத்தையும் அடித்தேன். செவ்வாய்க்கிழமை பதினோரு மணித் தபாலில் போக வேண்டும்.

"ஏன் சிஸ்டர் அப்படிச் சொன்னீங்க?" என்று அழாத குறையாகக் கேட்டேன்.

"நீ எதுக்குப் பொய் சொல்லுறே? நாமதான நெசம். அவனுங்கதான பொய்."

இவரோடு எப்படிப் பேசுவது, சொல்லுங்கள்.

கடலைக்கொல்லையில்

திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

வள்ளியம்மைதான் முட்டுக்கட்டை என்று சிஸ்டர் முடிவு கட்டியிருந்தார். என்னையும் இழுத்துக்கொண்டு அரிமளம் பஸ்ஸில் ஏறினார். இறங்கி இரண்டு மைல் நடை. செம்மண் புழுதியில் அவருடைய வெள்ளை அங்கி முழங்கால்வரை சிவந்துபோனது.

வள்ளியம்மை ஒரு கொல்லையில் உட்கார்ந்து, பிடுங்கிப்போட்ட செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வார நாட்களில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்கிற வேலை. நல்ல உயரம். எங்களை நிமிர்ந்து பார்த்தாளே தவிர, கை நிற்கவில்லை.

எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று வழியெல்லாம் நான் சிஸ்டருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். எல்லாம் வீண்.

"நீதான கருப்பையா பொண்டாட்டி? அவனை விட்டுக்குடு. அங்க ஒருத்தி பிள்ளையைப் பறிகுடுத்துட்டு நிக்கப்போறா."

எனக்கு அந்தக் கொல்லையிலேயே புதைந்துபோகலாம்போல இருந்தது. "அக்கா, அவங்களுக்குத் தமிழ் சரியா வராது. மனசுல வச்சுக்காதீங்க" என்றேன்.

வள்ளியம்மை இன்னொரு செடியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"எதுக்குத் தங்கச்சி எங்கிட்ட வந்து கேக்குறீக? அவுக வந்தது எனக்குத் தெரியும். பாக்கக்கூட இல்ல."

"சர்க்கார் அட்டையில உங்க பேரைத்தான் மனைவின்னு குடுத்திருக்காரு, அக்கா."

அப்போதுதான் அவள் கை நின்றது.

"எம்பேரையா? யாரக் கேட்டுக் குடுத்தாக?"

"அவரோட அண்ணன் சொல்லி..."

"அந்தப் பிள்ளைகளுக்கு ஆத்தான்னும் எம்பேர எழுதியிருக்கா?"

"ஆமா."

மடியிலிருந்த கடலையைத் தரையில் உதறிவிட்டு எழுந்தாள். எங்களைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். குடிசைக்குள் போய் இரண்டு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்ததும், "போய்ட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான்.

"காரியம் கெட்டுப்போச்சு சிஸ்டர். உங்க வாயால கெட்டுப்போச்சு" என்று திரும்பும் வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன். அவர் வெயிலில் முகம் பழுத்துப்போய், ஏதோ ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்.

பதினோரு மணித் தபாலுக்கு முன்

செவ்வாய்க்கிழமை காலை. கடிதம் தாசில்தார் மேஜையில் கையெழுத்துக்காக இருந்தது. ஒன்பதரை மணி பஸ்ஸில் வள்ளியம்மை வந்து இறங்கினாள். துவைத்த சேலை. கூடவே அவள் ஊர்க் கணக்குப்பிள்ளை. ராத்திரியே போய் அவரைப் பிடித்திருக்கிறாள்.

தாசில்தார் கருப்பையாவுக்கும் அண்ணனுக்கும் ஆள் அனுப்பினார். சிஸ்டர் யாரும் கூப்பிடாமலே மா சானைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அறைக்குள் இடமில்லாமல் நான் கதவோரம் நின்றேன்.

"என் பேரை அடிச்சிருங்க, ஐயா" என்றாள் வள்ளியம்மை. "நான் இவுகளுக்குப் பொண்டாட்டி இல்ல. எட்டு வருசத்துக்கு முந்தியே தீர்ந்துபோச்சு."

"எப்படி?"

"எங்க சாதிசனம் கூடி, பத்துப் பேருக்கு முன்னால தாலியக் கழட்டி இந்தா நிக்கிறாகளே, இவுக அண்ணன், இவுக கையிலதான் குடுத்தேன். எங்களுக்கு அது வழக்கந்தான். கணக்குப்பிள்ளையும் இருந்தாக."

கணக்குப்பிள்ளை ஆமாம் என்று தலையசைத்து, எழுதிக்கொண்டுவந்த காகிதத்தை நீட்டினார்.

கருப்பையா அண்ணன் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் வெளுத்திருந்தது.

"அவ எனக்காக இன்னமும் காத்துக்கிட்டு இருக்கான்னு சொன்னீயளேண்ணே. அந்தப் பாவம் வேணாம்னுதான நான் தலையாட்டுனேன்."

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"நீங்க எதுக்கு அண்ணனைக் கேக்குறீக?" என்றாள் வள்ளியம்மை. குரல் உயரவில்லை. "எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்க ஒங்களுக்குக் கால் இல்லையா? அரிமளத்துக்கும் எங்க ஊருக்கும் ரெண்டு மைலு. அந்த வெள்ளக்காரச் சாமியாரம்மா நடந்து வந்துச்சு."

இதையெல்லாம் சிஸ்டர் ஒரு வாக்கியம் விடாமல் உரக்கப் பர்மிய பாஷையில் சொல்லிக்கொண்டே இருந்தார். தாசில்தார் இருமுறை "மெதுவா, சிஸ்டர்" என்றார். பலனில்லை.

மா சான் புருஷனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கருப்பையா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் என்ன கேட்டாள் என்று தாசில்தார் விசாரித்தார்.

சிஸ்டர் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. "அது அவங்க வீட்டுப் பேச்சு" என்றார்.

பிறகு மா சான் வள்ளியம்மையின் எதிரே மண்டியிட்டு, கைகூப்பி, நெற்றி தரையில் பட வணங்கினாள். வள்ளியம்மை பதறிப்போனாள்.

"ஏத்தா, எந்திரி! இங்கிட்டு வந்து ஆபீஸ்ல என்ன இது? சொல்லுங்கம்மா அதுகிட்ட, எனக்கு இதெல்லாம் பிடிக்காதுன்னு. இவுகளுக்காக நான் வரல. எம்பேருக்காக வந்தேன்."

தாசில்தார் அந்தக் கடிதத்தை நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். இப்போது அவரிடம் ஒரு காகிதத்துக்கு எதிராக இன்னொரு காகிதம் இருந்தது.

"என்னம்மா, ரிப்பன் வேலை செய்யுதா?" என்றார் என்னிடம்.

பட்டியலைப் புதிதாக அடித்தேன். மனைவி: மா சான். என் மெமோ மட்டும் கிழிபடவில்லை. அது என் பணிப் பதிவேட்டில் ஏறி, நான் ஓய்வு பெறும்வரை இருந்தது.

தெரிந்தவர் இருவர்

வருஷம் திரும்பியது. எல்லாருடைய காகிதத்தையும் துரத்திக்கொண்டு திரிந்த சிஸ்டர், தான் இங்கே தங்குவதற்கான அனுமதி முடிந்துபோனதைக் கவனிக்கவேயில்லை. போலீஸ் ஆள் வந்து சொன்னபிறகுதான் தெரிந்தது. நீட்டிக்க மனுப் போட்டால் போதும். ஆனால் மனுதாரரை நன்றாகத் தெரிந்த உள்ளூர்க்காரர் இருவர் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய மனிதர்களாக இருந்தால் நல்லது.

திருமயத்துப் பெரிய மனிதர்கள் ஒருவரையும் அவர் விட்டுவைத்ததில்லை. எல்லாரையும் "யோவ்" என்று கூப்பிட்டாகிவிட்டது. ஒருவர் வெளியூர் போயிருந்தார். ஒருவருக்கு உடம்பு சரியில்லை. ஒருவர் தூங்குகிறார் என்று வீட்டில் சொன்னார்கள். மணி காலை பத்து.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சிஸ்டர். கொஞ்சம் மரியாதையாப் பேசுங்கன்னு!" என்று ஆபீஸ் என்றும் பாராமல் கத்திவிட்டேன். நானே கையெழுத்துப் போடலாமென்றால், தாலுகா ஊழியர்கள் போடக்கூடாது என்று விதி.

அவர் முதல்முறையாகக் களைத்துப்போனவராகத் தெரிந்தார். "என்னை எங்க அனுப்புவாங்க?" என்று கேட்டார். பர்மா சேர்த்துக்கொள்ளாது. இத்தாலியில் சபையைத் தவிர அவருக்கு யாருமில்லை.

மறுநாள் காலை மா சான் வந்தாள். அவள்தான் இப்போது உள்ளூர்க்காரி. அட்டை இருந்தது, அரிமளத்தில் மனை இருந்தது. வட்டம் வட்டமான பர்மிய எழுத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். கால்மணி நேரம் கழித்து வள்ளியம்மை வந்து கட்டைவிரலை மையில் ஒற்றினாள். அவளுக்குச் செய்தி யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

"இவங்களை உங்களுக்கு நல்லாத் தெரியுமா?" என்று முறைப்படி தாசில்தார் கேட்டார்.

"நல்லாத் தெரியும். வாயி ரொம்ப மோசம்" என்றாள் வள்ளியம்மை.

தாசில்தார் அதை எழுதவில்லை. கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். ஒரு வருஷ அனுமதி வந்தது.

முகாம் கலைந்தது அதற்குச் சில மாதங்கள் பின்பு. அரிமளத்தில் மனை கிடைத்த சில குடும்பங்கள் தங்கின. மற்றவர்களை வேறு மாவட்டத்துக்கு லாரியில் ஏற்றினார்கள். சிஸ்டரும் அவர்களோடு போனார். வழியனுப்பப் போனேன். எனக்கு ஒரு நன்றியாவது சொல்வார், மெமோவைப் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்பார் என்று மனதின் ஓரத்தில் இருந்ததை மறைப்பானேன்?

லாரி கிளம்பியபிறகு பின்பக்கம் எட்டிப்பார்த்துக் கத்தினார்.

"டைப்பிஸ்ட்! மா சானுக்குத் தமிழ் வரல. சந்தையில எல்லாரும் ஏமாத்துறான். ஞாயித்துக்கிழமை போய்ச் சொல்லிக்குடு!"

எனக்கு இருப்பது வாரத்தில் ஒரே ஒரு விடுமுறை நாள். அதையும் பிடுங்கிக்கொண்டு போகிறாரே என்று புழுதியில் நின்றபடி திட்டினேன். லாரி வளைவில் மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அரிமளம் பஸ்ஸில் நல்ல கூட்டம். உட்கார இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே போனேன்.